முதலில் அடிக்காத குத்துச்சண்டைக்காரர்

குத்துச்சண்டையை நான் அதுவரை நேரில் பார்த்தது கிடையாது. சினிமாவில் கதாநாயகன் வில்லனைக் குத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் கணக்கில் வராது. அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு மாநிலக் குத்துச்சண்டை இறுதிப் போட்டிக்கு முன்னோட்டம் எழுதச் சொன்னார் எங்கள் ஆசிரியர். யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டுமாம். ஏன் ஜெயிப்பார் என்றும் சொல்ல வேண்டுமாம்.

அப்போது தஞ்சாவூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழில் எனக்கு நிருபர் வேலை. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா, கடைமடைக்கு வந்து சேர்ந்ததா, எந்த அமைச்சர் எந்தச் சிலையைத் திறக்கிறார், எந்த ஊரில் வைக்கோல்போர் எரிந்தது, இவைதான் என் உலகம். புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த கட்சிக்கு எங்கள் முதலாளி வேண்டியவர். அதனால் சிலை திறப்பு முதல் பக்கத்திலும் வைக்கோல்போர் மூன்றாம் பக்கத்திலும் வரும். விளையாட்டுக்கு எங்கள் பத்திரிகையில் பக்கமே கிடையாது. மாநிலப் போட்டி தஞ்சாவூருக்கு வந்ததும், அதன் இறுதிச் சுற்றுக்கு இந்த ஜில்லாக்காரர் ஒருவர் வந்துவிட்டதும்தான் எங்களுக்குத் திடீரென்று வீரம் வரக் காரணம்.

“எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதே சார்” என்றேன்.

“தெரிஞ்சவன் எழுதினா தெரிஞ்சவன் மட்டும்தான்யா படிப்பான். நீ எழுது, ஊரே படிக்கும்” என்றார்.

நம் ஆள் ஆயுதப்படைக் காவலர். நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமம், அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்காரர்கள். எதிராளி சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், போன வருடச் சாம்பியன். இவ்வளவுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட சரக்கு.

முதலில் ஊர் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். விசாரித்திருக்கவே வேண்டாம். கீழவாசல் சலூன்காரர், “துறைமுகத்துக்காரன் மீன் தின்னு வளர்ந்த உடம்பு சார். நம்மாளு நிக்க மாட்டான்” என்று கத்தியை என் தொண்டையில் வைத்துக்கொண்டு சொன்னார். நாகப்பட்டினத்துக்காரன் மட்டும் மீன் தின்ன மாட்டானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கத்தி இருக்கும்போது கேட்கவில்லை. ஜவுளிக்கடை பாய் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவர், அங்கே நிஜமான சண்டைகளைப் பார்த்திருப்பவர். அவர், “ரெண்டு பேர் காலையும் பாருங்க தம்பி, கையைப் பார்க்காதீங்க” என்று ஒரு யோசனை சொன்னார். சரி, காலில் என்ன பார்ப்பது? அதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார். கட்சி வட்டச் செயலாளரோ, “துறைமுகத்துல நம்ம தொழிற்சங்கம், இங்க நம்ம சர்க்கார் போலீஸு. எவன் ஜெயிச்சாலும் நமக்குத்தான் வெற்றி, அப்படியே எழுதிக்கோ” என்றார். அவர் சொன்னதுதான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே உறுதியான ஆரூடம்.

மறுநாள் காலை ஆயுதப்படை மைதானத்துக்குப் போனேன். புளியமரக் கிளையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயிற்சி கொடுப்பவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் காவலரோடு மோதுவதற்கு இன்னொரு காவலரை நிறுத்தியிருந்தார். நான் பாய் சொன்னபடி காலைப் பார்த்தேன். நம்மாளின் கால் அசையவே இல்லை. கையும் அசையவில்லை. முகத்துக்கு முன்னால் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். எதிரே நின்ற காவலர் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒரு குத்து விட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. அந்தக் காவலர் மணலில் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அருமை!” என்றேன்.

ஹவில்தார் முகத்தைச் சுளித்தார். “இவன்கிட்ட ஒரு வியாதி இருக்கு சார். முதல்ல அடிக்க மாட்டான். எதிராளி கை வச்சாத்தான் இவனுக்குக் கை வரும். எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.”

“அது நல்லதுதானே?”

“எதிராளி முட்டாளா இருந்தா நல்லது” என்றார்.

காவலர் மரத்தடியில் உட்கார்ந்து கையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். கறுத்து, உயரமாக, பேசும்போது தரையைப் பார்க்கிறவர். அவருக்குப் பேட்டி கொடுத்துப் பழக்கமில்லை, எனக்கும் விளையாட்டு வீரர்களிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு சப்பைக் கேள்வி கேட்டேன்.

“ஜெயிச்சா மெட்ராஸ் சார். போலீஸ் டீம்ல எடுத்துக்கறாங்க. அங்கயே தங்கிப் பயிற்சி.”

“தோத்தா?”

“போலீஸ் கம்பெனிக்குத் திரும்பணும். எங்க கம்பெனியை அறுவடை பந்தோபஸ்துக்குப் போட்டிருக்காங்க.” கொஞ்ச நேரம் துணியைச் சுருட்டினார். “எங்க ஊரும் அதுல இருக்கு சார்.”

அந்த வருடத்துக் கதை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினம் பக்கம் வயல் வேலைக்காரர்கள் சங்கம் சேர்ந்து அறுப்புக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டிருந்தார்கள். மிராசுதார்கள் முடியாது என்று சொல்லியிருந்தார்கள். தை பிறந்து சம்பா அறுக்கும்போது வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவார்கள். உள்ளூர் ஆட்கள் வயலில் இறங்கி மறிப்பார்கள். நடுவில் போலீஸ் லத்தியோடு வரப்பில் நிற்கும். எந்த ஊரில் எந்த நாள் என்பது மட்டும் தெரியாது. மற்றதெல்லாம் எங்களுக்குக் காவிரித் தண்ணீரைவிட நிச்சயமாகத் தெரியும். இவர் தோற்றால் அந்த வரப்பில் காக்கி உடுப்போடு இவர் நிற்பார். எதிரே இவருடைய அப்பாவும் அம்மாவும் நிற்பார்கள்.

“சொந்த ஊருக்குப் போடக் கூடாதுன்னு இல்லையா?”

“இருக்கு சார். ஆள் பத்தாதப்ப அதெல்லாம் பாக்க மாட்டாங்க. வேற பக்கம் போடச் சொல்லிக் கேட்டேன். ‘உன்னை அங்க நிறுத்தினாத்தான்யா உங்க ஆளுங்க அடங்குவாங்க’ன்னுட்டார் ஆபீசர்.”

“லீவு?”

“அறுப்பு முடியற வரைக்கும் யாருக்கும் கிடையாது.”

வேலையை விட்டுவிடலாமே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டேன் என்று உறைத்தது. “தங்கச்சி ரெண்டு பேரும் படிக்கிறாங்க சார்” என்றார், அதே குரலில்.

முன்னோட்டத்துக்கு வீட்டுப் பின்னணி வேண்டுமென்று ஆசிரியர் சொல்லியிருந்ததால் அவருடைய ஊருக்கும் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சம்பா பால் பிடித்துத் தலை சாய ஆரம்பித்திருந்தது. நல்ல விளைச்சல். சண்டை வரப்போகிற வருடங்களில்தான் இந்த நெல் இப்படி விளைந்து தொலைக்கும்.

அப்பாக்காரர் வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். தோளில் சிவப்புத் துண்டு. நான் பத்திரிகைக்காரன் என்றதும் எழுந்து, “வாங்க தோழர்” என்றார்.

“எங்க பத்திரிகை உங்க சங்கத்தைத் திட்டற பத்திரிகைங்க” என்றேன், பின்னால் தகராறு வேண்டாமே என்று.

“திட்டுங்க தோழர், அதுக்கென்ன. எங்க ஊர் பேரைப் போட்டுத் திட்டுங்க” என்று சிரித்தார். எனக்கு அந்த ஆளை அங்கேயே பிடித்துவிட்டது.

வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். அம்மாக்காரர் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியில் நின்றார். உங்கள் மகன் ஏன் முதலில் அடிப்பதில்லை என்று கேட்டேன். அப்பாவுக்கு இதில் என்ன ஆச்சரியம் என்று புரியவில்லை.

“எப்படி அடிப்பான்? இந்தத் தெருவுல எந்தப் புள்ளையும் அடிக்காதே. அடிச்சா திருப்பி அடின்னுதான் சங்கம் சொல்லிக் குடுத்துருக்கு. அடிச்சாத்தான். நீயா போய்க் கை வைக்காதன்னு அர்த்தம். ஆண்டை ஆளு நம்மள அடிச்சு, நாம திருப்பி அடிச்சா, அது சண்டை. நாம முதல்ல கை வச்சா அது கேசு. ஒருத்தன் கை வச்சா தெருவே கோர்ட்டுக்கு அலையணும். அலைஞ்சிருக்கோம் தோழர். அதனால நண்டும் சிண்டுமா இருக்கறப்பவே சொல்லிடுவோம், அவன் அடிக்கற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுன்னு.”

குத்துச்சண்டையில் யாரும் கேஸ் போட மாட்டார்கள் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிவது வேறு, கை பழகிப்போவது வேறு.

நிலைப்படியில் நின்ற அம்மா திடீரென்று ஆரம்பித்தார். “அவன் எப்படி அடிக்கிறான்னெல்லாம் எழுதுறது இருக்கட்டுங்கய்யா. அவன் ஜெயிப்பானா மாட்டானா, அதைச் சொல்லுங்க. ஜெயிக்கலைன்னா லத்தியத் தூக்கிக்கிட்டு எங்க முன்னாடி வந்து நிப்பான். நான் வயல்ல இறங்காம இருக்க மாட்டேன். இவரும் இருக்க மாட்டாரு. மேலதிகாரி அடிங்கன்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான்? பெத்தவள அடிப்பானா? அடிக்கலைன்னா அவனத் தூக்கி உள்ள போட மாட்டாங்களா? எம்புள்ளைக்கு ரெண்டு பக்கமும் வழி இல்லையேய்யா!”

“நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ஒரு நாள் இறங்காம இருந்தா?” என்றேன்.

அப்பாக்காரர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. “நாங்க ரெண்டு பேரும் நின்னுட்டா, புள்ள போலீஸா இருக்கறவன் நின்னுட்டான்னு பேராயிடும் தோழர். அப்புறம் எல்லாருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்” என்றார். நான் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தேன்.

ஊருக்குப் போனால் இரண்டு தரப்பையும் பார்த்துவிட்டு வருவது பழக்கம். மிராசுதார் வீட்டில் காபி கொடுத்தார்கள். அந்தப் பையன் தோற்க வேண்டும் என்று மிராசுதார் நினைப்பார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். தப்பு.

“ஜெயிக்கணும் தம்பி! கட்டாயம் ஜெயிக்கணும்” என்றார் அவர், நாற்காலியின் நுனிக்கு வந்து. “வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்னா பாருங்களேன். அவனை இங்க கொண்டாந்து பந்தோபஸ்துக்கு நிறுத்தறாங்களாம். என்ன புத்திசாலித்தனம்! அப்பனையும் ஆத்தாளையும் பார்த்தான்னா லத்தியைக் கீழ போட்டுட்டு அவங்களோட போய் நிப்பான். கூட இருக்கற நாலு போலீஸ்காரனுக்கும் மனசு மாறும். என் நெல்லு வயல்லயே உதிர்ந்து போகும். அவன் மெட்ராஸுக்குப் போய் நல்லா இருக்கட்டும்.”

ஆக, அந்த ஊரில் எலியும் பூனையுமாக இருந்த இரண்டு தரப்புக்கும் அந்த வருடம் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருந்தது. இதை அப்படியே எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாக யோசித்துக்கொண்டு வந்தேன்.

எழுதினேன். ஆசிரியர் படித்தார். வரப்பு, லத்தி, கூலி நெல், மிராசுதாரின் வேண்டுதல், எல்லாவற்றின் மேலும் சிவப்பு மை ஓடியது. “இது குத்துச்சண்டையா, விவசாய மாநாடாய்யா?” என்றார். மிஞ்சியது ஆரூடம் மட்டும். அதில் நான் எழுதியிருந்தது இது: சென்னை வீரர் புயலாகப் பாய்ந்து தாக்குபவர், சும்மா இருக்கத் தெரியாதவர், நம் வீரர் பொறுமையின் சிகரம், எதிரி கை நீட்டும்வரை காத்திருந்து பதிலடி கொடுப்பவர். பாய்கிறவர் பாய்வார், காத்திருப்பவர் அடிப்பார். ஆகவே தஞ்சைத் தரணியின் வீரரே புள்ளிகளில் வெல்வார். குத்துச்சண்டையை ஒருமுறைகூடப் பார்க்காதவன் எழுதியது என்று யாராவது சொல்வார்களா? சலூன்காரரே படித்துவிட்டு, “நீங்க சொல்றதும் சரிதான் சார்” என்றார்.

போட்டி ஆயுதப்படை மைதானத்தில் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்தது. நாடகக் கொட்டகைப் பலகைகளை அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி மேடை போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் கயிறு. கிராமத்திலிருந்து அப்பாக்காரரும் சங்கத்து ஆட்களும் நாகூர் பாசஞ்சரில் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வரவில்லை. மிராசுதார் காரில் வந்து முன்வரிசை நாற்காலியில் இருந்தார். நம் காவலர் மேடை ஏறியபோது இரண்டு இடத்திலிருந்தும் கைதட்டல் வந்தது. கைதட்டியவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு நம்மாளின் மூலைக்குக் கீழேயே பத்திரிகைக்காரர் மேசை.

மணி அடித்தது. நம்மாள் போய் நடுவில் நின்றார். முகத்துக்கு முன் இரண்டு கை. துறைமுகத்துக்காரரும் போய் நடுவில் நின்றார். முகத்துக்கு முன் இரண்டு கை.

கிழிஞ்சது போ, என்று நினைத்துக்கொண்டேன். அரையிறுதியில் நம்மாள் ஆடியதை அவர்களும் பார்த்திருக்கிறார்கள் அல்லவா? சும்மா இருக்கத் தெரியாதவர் என்று நான் எழுதிய மனிதர் சும்மா நின்றார். அழகாக நின்றார். கூட்டத்தில் யாரோ, “என்னய்யா, பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா?” என்று கத்த, சிரிப்பு எழுந்தது. நடுவர் கையைத் தட்டி இருவரையும் சண்டை போடச் சொன்னார். அப்போது துறைமுகத்துக்காரர் ஒரு காரியம் செய்தார். இடது கையை நீட்டி, நம்மாளின் நெற்றியில் தட்டிவிட்டுப் பின்னால் போனார். வலித்திருக்காது. மறுபடி வந்தார், தட்டினார், போனார். நீதிபதிகள் ஒவ்வொரு தட்டுக்கும் குறித்துக்கொண்டார்கள்.

நம்மாள் அசையவில்லை.

முதல் சுற்று முடிந்து மூலைக்கு வந்ததும் ஹவில்தார் காதிலேயே கத்தினார். “அது பாயிண்டுடா! ஒவ்வொண்ணும் பாயிண்டு! ஏன்டா திருப்பி அடிக்கல?”

“அவன் இன்னும் அடிக்கலையே சார். தொட்டுட்டுத்தானே போறான்” என்றார் இவர். பொய்யில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அந்தத் தெருவில் வளர்ந்தவருக்கு எது அடி, எது அடியில்லை என்பதில் குழப்பமே கிடையாது. ஒரு தள்ளு, ஒரு தட்டு, ஒரு ஏச்சு, இதெல்லாம் கையை அவிழ்க்கப் போதாது.

இரண்டாம் சுற்றும் அதே கூத்து. துறைமுகத்துக்காரர் தட்டித் தட்டிப் புள்ளி சேர்த்தார். நம்மாள் ஒரு நல்ல அடிக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். ஹவில்தாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சற்றுமுன் வரை எனக்கிருந்த கவலையெல்லாம் ஆரூடம் பொய்த்தால் அலுவலகத்தில் கிண்டல் செய்வார்களே என்பதுதான். இப்போது பயமாக இருந்தது. நிலைப்படியில் நின்று கத்திய அந்த அம்மாவின் குரல் காதில் கேட்டது. இந்த ஆள் இங்கே இப்படியே நின்று தோற்றுவிட்டு நேராக அந்த வரப்புக்குப் போகப் போகிறார் என்று தெரிந்தது. எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. அடித்துத் தொலையேன்யா, என்று முணுமுணுத்தேன்.

மூன்றாம் சுற்று, கடைசிச் சுற்று. மணி அடித்ததும் துறைமுகத்துக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். அப்போது தரையில் உட்கார்ந்திருந்த அப்பாக்காரர் எழுந்து மேடையை நோக்கி ஓடி வந்தார். பாராக்காரர் ஒருவர் குறுக்கே கையை நீட்டி மறித்தார். அந்தக் கைக்கு மேலே எட்டி, தோள் துண்டு கீழே விழ, அவர் கத்தினார்:

“டேய், அடிடா! நிக்காதடா! நீயே முதல்ல அடிடா!”

மகன் திரும்பிப் பார்த்தார். சண்டைக்கு நடுவில், எதிராளியை விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் துறைமுகத்துக்காரர் நினைத்திருந்தால் ஒரே குத்தில் கதையை முடித்திருக்கலாம். அவரும் என்ன இது என்று அப்பாக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேசு வந்தா நான் பாத்துக்கறேன், அடிடா!” என்றார் அப்பா.

நாற்காலிகளில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

நம்மாள் முதல் குத்தை விட்டார். கோணல்மாணலாகப் போய்த் தோளில் பட்டது. அவர் வாழ்நாளில் அதற்குமுன் அப்படி ஒரு குத்து விட்டிருக்க மாட்டார். இரண்டாவது சரியாகப் போனது. அதன்பின் புளியமரத்தடியில் நான் பார்த்தது மறுபடி நடந்தது, இந்த முறை யாரும் தொடங்கி வைக்காமலே. துறைமுகத்துக்காரர் கயிற்றில் சாய்ந்தார், மண்டியிட்டார், நடுவர் எண்ணும்போது எழுந்தார், மறுபடி வாங்கினார். நல்ல தைரியசாலி, கடைசி மணிவரை நின்றார். மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் நம் காவலர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். மிராசுதார் நாற்காலியில் எழுந்து நின்று கைதட்டினார்.

என் ஆரூடம் பலித்துவிட்டது. புள்ளிகளில் வெல்வார் என்று எழுதியிருந்தேன், புள்ளிகளில் வென்றார். நான் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட நடக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த நாள் ஆசிரியர் எனக்குக் கை கொடுத்தார். கால்பந்தாட்டத்துக்கும் நானே எழுத வேண்டும் என்று உத்தரவாயிற்று.

மேடைக்குப் பின்னால் அப்பாவும் மகனும் நின்ற இடத்துக்குப் போனேன். கழுத்தில் மாலையோடு மகன், “ஊருக்கு வந்து அம்மாவைப் பாத்துட்டுப் போறேன்ப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“வேண்டாம். இப்படியே ரயில் ஏறிடு” என்றார் அப்பா. “நெல்லு வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பக்கமே தலை வைக்காத. உங்க அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.” பிறகு கையால் மகனின் வீங்கிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். மகனுக்குக் கண் கலங்கியது. நான் நகர்ந்துவிட்டேன்.

அவர் சென்னைக்குப் போனார். தை பிறந்தது. பொங்கல் கழிந்து சில நாட்களில் அந்த ஊரில் லாரி வந்தது, வெளியூர் ஆட்கள் இறங்கினார்கள், உள்ளூர் ஆட்கள் மறித்தார்கள், வரப்பில் போலீஸ் நின்றது. யாரும் எதிர்பார்க்காதது எதுவும் நடக்கவில்லை. யார் முதலில் கை வைத்தது என்று இரண்டு விதமாகச் சொன்னார்கள். அடிபட்டவர்களை நாகப்பட்டினம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாகத் தகவல் வந்ததும் என்னை அனுப்பினார்கள்.

வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள், கட்டில் காலியில்லை. அப்பாக்காரருக்கு வலது முன்கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது, நெற்றியில் தையல். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் காயம் இல்லை. என்னைப் பார்த்ததும் அப்பாக்காரர் எழ முயன்றார், நான் தடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“புள்ளைக்கு எழுதிடாதீங்க தோழர். கேள்விப்பட்டா கிளம்பி வந்துடுவான்” என்றார் முதலில்.

எழுத மாட்டேன் என்றேன். “அடிச்சது யாருன்னு பாத்தீங்களா?”

“நல்லாப் பாத்தேன். லத்திய ஓங்கினப்ப எல்லாரும் கையத்தான் பாப்பாங்க. நான் மூஞ்சியத்தான் பாத்தேன். மீசை சரியா முளைக்கல. நம்ம புள்ள வயசு இருக்கும். ‘போயிடுங்கய்யா, போயிடுங்கய்யா’ன்னு சொல்லிக்கிட்டேதான் அடிச்சான்.” கஞ்சியை விழுங்கினார். “மேற்கத்திச் சீமைப் பேச்சு. நம்ம புள்ள இல்ல, அது போதும்னு இருந்துச்சு தோழர் அப்ப. வலிகூடத் தெரியல.”

“இப்ப?”

“இப்ப, அந்தப் பயலோட அப்பன் எந்த ஊருல எந்த வயல்ல நிக்கிறானோன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்” என்றார்.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் அவர் வாயைத் துடைத்தார்.